கழித்த கருவியில் பிறந்த கொழும்பு வானொலி: எட்வேர்ட் ஹார்ப்பரின் வாழ்வு தரும் பாடம்

விரல் தொட்ட மாத்திரத்தில் வீட்டுக்குள் பாடல் ஒலிக்கும் காலம் இது. வெள்ளவத்தையின் தொடர்மாடி வீடொன்றிலும் கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கையொன்றிலும் ஒரே வேளையில் ஒரே பாடலைக் கேட்பதில் இன்று எவருக்கும் வியப்பில்லை. அவ்வொலி எந்தக் கருவியின் வழியாக வருகிறது, அக்கருவியை எவர் எவ்வாறு செய்தார் என்று எண்ணிப் பார்ப்போரும் அரிது. ஆனால் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இதே கொழும்பு மாநகரில், காற்றில் வரும் இசையைக் கேட்க விரும்பிய பலர் அதற்கான கருவியைத் தம் கையாலேயே கூட்டி அமைத்துக்கொண்டனர். அந்த இசையை முதன்முதலாகக் காற்றில் ஏற்றியவர் எட்வேர்ட் ஹார்ப்பர். இலங்கை ஒலிபரப்பின் தந்தை என்று வரலாறு அவரை அழைக்கிறது. பொருள்களை வாங்குவதையே வாழ்வின் வெற்றியாகக் கருதத் தலைப்பட்டிருக்கும் நமக்கு, இருப்பதைக் கொண்டு இல்லாததை ஆக்கிக் காட்டிய அம்மனிதரின் பணி கூறும் செய்தி மிகப் பெரியது.

ஹார்ப்பர் பிரித்தானியர். தந்தி அலுவலகத்தின் பிரதம பொறியியலாளராக 1921 ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து சேர்ந்தார். அக்காலத்தில் கம்பியில்லாத் தந்தி என்பது பொதுமக்களின் செவிக்கு உரியதாக இருக்கவில்லை. கடலில் செல்லும் கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பும் சாதனமாகவே அது பெரிதும் பயன்பட்டது. மனிதக் குரலையும் இசையையும் ஒரே நேரத்தில் ஆயிரம் வீடுகளுக்கு அனுப்பலாம் என்ற எண்ணமே அப்போதுதான் உலகில் வேரூன்றிக் கொண்டிருந்தது.

அவ்வெண்ணம் மேற்குலகில் எவ்வாறு முளைத்தது என்பதையும் நாம் சற்று நோக்குதல் நன்று. அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகருக்கு அருகே பிராங்க் கொன்ராட் என்பவர் தமது வீட்டு வாகனக் கொட்டகையில் அமைத்திருந்த அனுப்புகருவியின் ஒலிவாங்கிக்கு முன்னால் கிராமபோனை வைத்து, 1919 ஆம் ஆண்டில் இசைத்தட்டுகளை ஒலிக்கவிட்டார். அவர் ஏழாம் வகுப்புடன் பள்ளிப் படிப்பை நிறுத்தியவர். தொழிற்சாலையில் வேலை செய்து செய்தே பொறியியலாளராக உயர்ந்தவர். அவரது இசையைக் கேட்க அயலவர்கள் ஆர்வங்கொண்டதைக் கண்ட கடையொன்று, 1920 ஆம் ஆண்டில் ஏற்புக்கருவிகளை விளம்பரப்படுத்தி விற்கத் தொடங்கியது. அவர் பணிபுரிந்த வெஸ்ரிங்ஹவுஸ் நிறுவனம் விழித்துக்கொண்டது. அதே ஆண்டு நவம்பர் 2 ஆம் திகதி அந்நிறுவனத்தின் வானொலி நிலையம் ஒலிபரப்பை ஆரம்பித்தது. இலண்டனில் பிபிசியின் அன்றாட ஒலிபரப்பு 1922 ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கியது. ஒரு கொட்டகையில் பிறந்த பொழுதுபோக்கு மூன்றே ஆண்டுகளில் நாடுகளின் பொதுச் சேவையாக வளர்ந்தது.

இலண்டனில் அன்றாட ஒலிபரப்புத் தொடங்கிய மறு ஆண்டே, அதாவது 1923 ஆம் ஆண்டில், கொழும்பில் ஹார்ப்பர் தமது பரிசோதனை ஒலிபரப்பை மேற்கொண்டார். அவரிடம் பெரிய நிலையமோ விசாலமான கலையகமோ இருக்கவில்லை. மத்திய தந்தி அலுவலகத்தின் மிகச் சிறிய அறையொன்றே அவரது கலையகம். அனுப்புகருவியும் கடையில் வாங்கியதன்று. முதலாம் உலக யுத்தத்தில் கைப்பற்றப்பட்ட ஜேர்மனிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிச் சாதனத்திலிருந்து எடுத்த பாகங்களைக் கொண்டு, தந்தித் திணைக்களப் பொறியியலாளர்கள் ஒரு சிறிய அனுப்புகருவியை உருவாக்கினர். அதன் வழியாகக் கிராமபோன் இசை கொழும்பின் வானில் பரவியது. பரிசோதனை வெற்றி பெற்றது.

இந்நிகழ்ச்சியின் உட்பொருளை நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். நீர்மூழ்கிக் கப்பல் என்பது கடலின் அடியில் மறைந்து சென்று கப்பல்களைத் தாக்கி மூழ்கடிக்கும் போர்க்கலம். அதன் வானொலி, அழிவுக்கான கட்டளைகளைச் சுமந்த கருவி. யுத்தம் முடிந்தபின் அது வெறும் கழிவுப் பொருள். அந்தக் கழிவிலிருந்து இசையைப் பிறப்பிக்க முடியும் என்று கண்டதுதான் ஹார்ப்பரின் பெருமை. அலையை ஓயாது எழுப்பும் ஒரு பகுதி, இசையின் ஏற்ற இறக்கத்தை அவ்வலையின் மீது ஏற்றும் ஒரு பகுதி, அதனை வானில் விடும் ஒரு கம்பி ஆகிய மூன்றும் இருந்தால் ஒலிபரப்பு நிகழும். கருவி எவருடையது, எதற்காகச் செய்யப்பட்டது என்பதை மின்சாரம் கேட்பதில்லை. அதனைக் கையாளும் மனிதனின் நோக்கமே அதன் பயனைத் தீர்மானிக்கிறது.

ஆயினும் ஒலியை அனுப்பினால் மட்டும் போதுமா? கேட்பதற்கு ஆள் வேண்டும். அவர்களிடம் கருவி வேண்டும். இங்குதான் ஹார்ப்பரின் இரண்டாவது பெரும் பணி முக்கியத்துவம் பெறுகிறது. இலங்கையிலிருந்த பிரித்தானிய ஆர்வலர்களையும் இந்நாட்டவரான ஆர்வலர்களையும் ஒன்றிணைத்து, அவர் இலங்கைக் கம்பியில்லாத் தந்திக் கழகத்தை நிறுவினார். ஆள்வோரும் ஆளப்படுவோரும் வெவ்வேறு மன்றங்களில் கூடிய குடியேற்றக் காலத்தில், இரு சாராரும் ஒரே ஆர்வத்தால் ஒரு கழகத்தில் இணைந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

அக்காலத்தில் ஓர் எளிய வீட்டு ஏற்புக்கருவியைச் செய்வதற்கு ஆழ்ந்த தொழில்நுட்ப அறிவு தேவைப்படவில்லை. உயரமாகக் கட்டிய ஒரு நீண்ட கம்பி, நிலத்துடன் இணைத்த இன்னொரு கம்பி, ஓர் உருளையில் நெருக்கமாகச் சுற்றிய செப்புக்கம்பிச் சுருள், கலினா எனப்படும் ஈயக் கனிமத்தின் சிறு துண்டு, அதனை மெல்லத் தொட்டு நிற்கும் மயிரிழை போன்ற கம்பி, காதில் பொருத்திக் கேட்கும் ஒரு ஹெட்போன் ஆகியவையே அதன் உறுப்புகள். அதற்கு மின்கலமும் வேண்டியதில்லை. வானில் வரும் அலையின் சக்தியே ஹெட்போனை இயக்கப் போதுமானது. கனிமத்தின் மேற்பரப்பில் கம்பியை அங்குமிங்கும் நகர்த்திப் பொறுமையுடன் தேடினால், திடீரென ஓர் இடத்தில் குரல் கேட்கும். அந்தக் கணத்தின் மகிழ்ச்சியை விலை கொடுத்து வாங்க இயலாது. இத்தகைய கலினா உணர்கருவிக்கு 1901 ஆம் ஆண்டிலேயே விண்ணப்பித்து 1904 ஆம் ஆண்டு அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் கல்கத்தாவின் விஞ்ஞானி ஜகதீஸ் சந்திர போஸ் என்பதையும் நாம் பெருமையுடன் நினைவுகூரலாம்.

ஹெட்போனில் ஒருவர் மாத்திரமே கேட்க முடியும் என்ற குறையையும் மக்கள் தம் புத்தியாலேயே தீர்த்துக்கொண்டனர். ஹெட்போனை ஒரு பீங்கான் கிண்ணத்துக்குள் வைத்தால் ஒலி சற்றே பெருகிக் குடும்பத்தினர் சுற்றியிருந்து கேட்கலாம் என்பது பல நாடுகளின் வீடுகளில் கண்டறியப்பட்ட எளிய வழி. வீட்டு ஒலியமைப்பின் ஆரம்ப வடிவங்களுள் ஒன்று அந்தக் கிண்ணமே எனலாம்.

தமிழகத்தின் நிலையும் இதற்கு வேறுபட்டதன்று. சி. வி. கிருஷ்ணசாமி செட்டி இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பாகங்களைக் கூட்டிச் சென்னையில் ஒரு சிறிய அனுப்புகருவியை அமைத்தார். அவரது முயற்சியால் 1924 ஆம் ஆண்டு மே 16 ஆம் திகதி சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. ஜூலை 31 ஆம் திகதி ஒலிபரப்புத் தொடங்கியது. எனினும் பணமுடை காரணமாக 1927 ஆம் ஆண்டில் அக்கழகம் ஒலிபரப்பை நிறுத்த நேர்ந்தது. அதன் கருவி சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டு, 1930 ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாம் திகதி மீண்டும் ஒலிக்கத் தொடங்கியது.

கொழும்பில் நிலைமை வேறாக அமைந்தது. பரிசோதனையாகத் தொடங்கியதை நிரந்தரச் சேவையாக மாற்ற வேண்டும் என்பதில் ஹார்ப்பர் உறுதியாக இருந்தார். அரசாங்கத் திணைக்களம் ஒன்றின் உள்ளிருந்தே அவர் செயற்பட்டமையால் அம்முயற்சிக்கு ஓர் அடித்தளம் கிட்டியது. 1925 ஆம் ஆண்டு டிசம்பர் 16 ஆம் திகதி கொழும்பு வானொலி முறையான ஒலிபரப்புச் சேவையாக ஆரம்பமாயிற்று. இலண்டனில் பிபிசி தோன்றி மூன்று ஆண்டுகளே கடந்திருந்த வேளை அது. ஒரு சிறிய தீவின் தலைநகர் உலகின் முன்னணி நகரங்களோடு ஏறத்தாழ ஒரே காலத்தில் இந்தப் புதுமையில் கால் பதித்தது.

ஹார்ப்பர் நட்ட செடி எவ்வளவு பெரிய விருட்சமாயிற்று என்பதை வாசகர்கள் அறிவர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்காகக் கொழும்பிலிருந்து ரேடியோ சியக் இயங்கியது. அதன் வசதிகள் பின்னர் இலங்கை வசமாகி, 1949 ஆம் ஆண்டில் ரேடியோ சிலோன் உருவானது. மீண்டும் யுத்தத்துக்காக வந்த கருவியே பாட்டுக்குப் பயன்பட்டது. அகில இந்திய வானொலி 1952 ஆம் ஆண்டில் திரைப்படப் பாடல்களை ஒதுக்கியபோது, இந்தியாவின் ஏராளமான வீடுகள் கொழும்பின் பக்கம் செவி சாய்த்தன. தமிழகக் கிராமங்களிலும் மயில்வாகனம், கே. எஸ். ராஜா போன்ற அறிவிப்பாளர்களின் குரல்கள் வீட்டுக் குரல்களாயின. 1967 ஆம் ஆண்டு ஜனவரி 5 ஆம் திகதி அது கூட்டுத்தாபனமாகியது. 1972 ஆம் ஆண்டில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்ற பெயரைப் பெற்றது. அதன் தமிழ்ச் சேவையும் முஸ்லிம் சேவையும் நமது இல்லங்களின் காலைகளையும் மாலைகளையும், நோன்பு காலத்தையும் திருவிழாக் காலத்தையும் எவ்வளவு நிறைத்தன என்பதை மூத்த தலைமுறையினர் நன்கறிவர்.

ஹார்ப்பரின் பணியிலிருந்து நாம் கற்க வேண்டியவை மூன்று. முதலாவது, பழையதை இகழாமை. இரண்டாவது, அறிந்ததைத் தன்னுடன் வைத்துக்கொள்ளாமல் ஒரு கழகமாகக் கூடிப் பகிர்ந்தமை. மூன்றாவது, சிறிதாகத் தொடங்கி, பரிசோதித்து, பின்னர் நிலைநிறுத்தியமை. அவர் பயிற்சி பெற்ற பொறியியலாளர் என்பது உண்மை. ஆனால் அவரது இசையைக் கேட்பதற்காகச் சுருள் சுற்றுவதற்கும் கம்பி கட்டுவதற்கும் பொறியியல் பட்டம் தேவைப்படவில்லை. அறிந்தவர் ஒருவர் வழிகாட்டினார். அறியாதவர்கள் துணிந்து கைவைத்தனர். அந்த இரண்டும் சேர்ந்தபோதுதான் இந்நாட்டில் வானொலி பிறந்தது.

இந்த மூன்று பண்புகளும் இன்று நமது இளைஞர்களுக்கு எட்டாதவை அல்ல. கொழும்பு வானொலி தொடங்கிய அதே 1925 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரைஸ், கெலொக் என்னும் இருவர் வெளியிட்ட ஒலிபெருக்கி வடிவமைப்பே இன்றும் நமது வீட்டு ஸ்பீக்கர்களின் அடிப்படையாகும். காந்தத்தின் நடுவே ஒரு சுருள், அச்சுருளுடன் இணைந்த ஒரு கூம்பு. நூறாண்டு கால மாற்றங்களுக்குப் பின்னரும் ஸ்பீக்கரின் இதயம் மாறவில்லை. ஆகவே அதைப் புரிந்துகொள்வது கடினமான காரியமுமன்று.

வீட்டில் ஓர் ஒலியமைப்பை உருவாக்க விரும்புபவர் மூன்று உறுப்புகளை அறிந்தாற் போதும். பாடலைத் தரும் கருவி ஒன்று. அதன் மெல்லிய மின்சைகையைப் பெருக்கும் அம்பிளிபயர் இரண்டாவது. அதனை ஒலியாக மாற்றும் ஸ்பீக்கர் மூன்றாவது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பகுதியின் மின்சாதனக் கடைகளில் பூர்த்தியாகச் செய்த அம்பிளிபயர் பலகைகளையும் அவற்றுக்கான அடெப்டர்களையும் விசாரித்து வாங்கலாம். ஸ்பீக்கரின் பின்புறத்தில் 4 ஓம் அல்லது 8 ஓம் என்று எழுதப்பட்டிருக்கும். அம்பிளிபயர் எத்தனை ஓம் வரை தாங்கும் என்பதைப் பார்த்து, அதனிலும் குறைந்த ஓம் உடைய ஸ்பீக்கரை இணைக்காமல் இருப்பது முதல் விதி. இரு ஸ்பீக்கர்களிலும் நேர் முனையை நேர் முனையுடனும் மறை முனையை மறை முனையுடனும் இணைப்பது இரண்டாவது விதி. ஒன்றில் மட்டும் மாறிவிட்டால் தாழ்ந்த நாதங்கள் ஒன்றையொன்று அழித்து, மிருதங்கத்தின் தொப்பியும் தபேலாவின் பாயாவும் உயிரிழந்து ஒலிக்கும். பலர் ஸ்பீக்கரையே பழுதென்று கருதி வீசிவிடும் குறை, இரு கம்பிகளை மாற்றியவுடன் நீங்கிவிடுவதுண்டு.

அறையும் ஒரு கருவியே என்பதை மறந்துவிடலாகாது. ஓடு பதித்த தரையும் வெறுஞ் சுவரும் உள்ள அறையில் எவ்வளவு விலையுயர்ந்த ஸ்பீக்கரும் எதிரொலியால் மங்கும். ஒரு கனத்த திரைச்சீலை, ஒரு கம்பளம், புத்தகங்கள் நிறைந்த ஓர் அலுமாரி ஆகியவை ஆயிரக்கணக்கான ரூபா செலவைத் தவிர்க்கும். வெள்ளவத்தை போன்ற கரையோரப் பகுதிகளில் உப்புக் காற்று மின் இணைப்புகளை அரிக்கும் என்பதால், அவற்றை அவ்வப்போது துடைத்து இறுக்குதலும் அவசியம்.

ஆர்வத்துக்கு அரணாக எச்சரிக்கையும் வேண்டும். நமது வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். அது பிழையைப் பொறுக்காது. தொழில்நுட்பம் அறியாதவர்கள் அந்த மின்சாரத்தை நேரடியாகக் கையாளக் கூடாது. தரமான அடெப்டரில் இருந்து வரும் 12 அல்லது 24 வோல்ட் மின்சாரத்துடன் நின்றுகொள்வதே அறிவுடைமை. பழைய அம்பிளிபயர்களின் உள்ளே இருக்கும் பெரிய கொள்ளளவிகள், மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் மின்னேற்றத்தைச் சேமித்து வைத்திருக்கும் என்பதால், அவற்றை அறிந்தவர் துணையின்றித் திறக்கலாகாது. அத்துடன் தொடர்மாடி வாழ்க்கையில் நமது இசை அயலவரின் உறக்கத்தைப் பறிக்கவும் கூடாது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும், தொழுகையில் நிற்பவரும், நோயுற்ற முதியவரும் ஒரு சுவருக்கு அப்பால் இருக்கிறார்கள். நல்ல ஒலியமைப்பு என்பது தாழ்ந்த ஒலியிலும் தெளிவாகக் கேட்பதேயன்றி, தெருவையே அதிரவைப்பதன்று.

இது வெறும் பொழுதுபோக்கு என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறன்று. கொழும்பில் வாழும் தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றின் அலுமாரிகளில் பழைய ஒலிநாடாக்கள் உறங்குகின்றன. மறைந்த தந்தையின் குரல், பாட்டியின் தாலாட்டு, திருமண வீட்டு நாதஸ்வரம், மௌலவி ஒருவரின் பயான், வானொலியிலிருந்து பதிவு செய்த இஸ்லாமிய கீதங்கள், நாடகங்கள் ஆகியன அவற்றில் அடங்கியுள்ளன. அவற்றை ஒலிக்கச் செய்யும் கருவி பழுதாகிவிட்டது என்பதற்காகவே அவை குப்பைக்குச் செல்கின்றன. ஒலிநாடாக் கருவிகளில் பொதுவாகக் காணப்படும் பழுது, உள்ளே உள்ள இறப்பர்ப் பட்டி தளர்ந்து போவதே. அதனை மாற்றப் பெரும் கல்வி வேண்டியதில்லை. நாடாக்களிலோ ஆண்டுதோறும் பூஞ்சணம் படர்கிறது. இன்று மீட்காத குரலை நாளை எந்த விலை கொடுத்தும் மீட்க முடியாது. யுத்தத்தாலும் இடப்பெயர்வாலும் எழுத்துச் சான்றுகளையும் புகைப்படங்களையும் இழந்த குடும்பங்களுக்கு, எஞ்சிய ஒரு குரல் ஒரு முழு ஆவணக் காப்பகத்துக்குச் சமமானது.

எனவே ஹார்ப்பர் நிறுவியதைப் போன்ற சிறு கழகங்கள் மீண்டும் நமது பாடசாலைகளிலும், கோவில் மண்டபங்களிலும், பள்ளிவாசல்களைச் சார்ந்த இளைஞர் அமைப்புகளிலும் தோன்ற வேண்டும். ஒரு மேசை, சில கருவிகள், தொழில் அறிந்த ஒரு மூத்தவர், வாரத்தில் ஒரு மாலைப் பொழுது ஆகியன போதும். வானொலி திருத்தும் தொழிலில் வாழ்நாளைச் செலவிட்ட பெரியவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள். அவர்களது கைவண்ணம் அவர்களுடனேயே மறைந்துபோக நாம் இடமளிக்கலாகாது. அந்த மேசையில் முதலில் திருத்தப்படுவது ஒரு பழைய ஒலிநாடாக் கருவியாக இருக்கட்டும். அதிலிருந்து எழும் முதல் குரல் எவருடைய பாட்டியின் குரலாகவும் இருக்கலாம்.

தந்தி அலுவலகத்தின் சிறிய அறையில், பகைவரின் கப்பலிலிருந்து எடுத்த பாகங்களின் முன்னால் ஒரு கிராமபோனை வைத்தபோது, ஹார்ப்பர் எதிர்பார்த்தது ஒரு பரிசோதனையின் வெற்றியை மட்டுமே. ஆனால் அவர் மறைந்து நெடுங்காலம் ஆன பின்னரும் இந்நாட்டின் ஒலிபரப்பு அவரது பெயரிலிருந்தே தன் வரலாற்றைத் தொடங்குகிறது. வசதிகள் வரட்டும் என்று காத்திருந்தவர்களுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. கையிலிருந்ததைக் கொண்டு தொடங்கியவருக்கே அது கிடைத்தது.